நாற்பது லிட்டர்க் கடல்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

நம் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில், ஃபார்மலின் சீசாக்கள் வரிசையாக நிற்கும் அலமாரிக்கு எதிரே, வடக்குச் சன்னலோரமாக ஒரு கண்ணாடித் தொட்டி இருப்பதை நண்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். சென்ற ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் அது அங்கே இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். "இவ்வளவு சின்னத் தொட்டி, பார்த்துக்கொள்வது சுலபந்தானே?" என்பது ஒன்று. "பவளப்பாறைத் தொட்டி என்கிறீர்களே, பவளம் எங்கே?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை 'இல்லை' என்பதே. இரண்டாவதற்கு விடை கொஞ்சம் நீளமானது. இரண்டையும் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

தொட்டியின் நீளம் 45 சென்டிமீட்டர், அகலம் 30, உயரம் 30. பெருக்கிப் பார்த்தால் நாற்பது லிட்டர்; மணலும் ஓட்டுத் துண்டுகளும் இடம் பிடித்துக்கொள்வதால் உள்ளே இருக்கும் நீர் 36 லிட்டர்தான். கடைத்தெருவில் கண்ணாடி அறுப்பவரிடம் அளவு சொல்லி வாங்கி, சிலிக்கோன் பசையால் ஒட்டி, இரண்டு நாள் உலரவிட்டு, நன்னீர் ஊற்றிக் கசிவு பார்த்தோம். காற்று தள்ளும் சிறு மோட்டார் ஒன்று, நீரைச் சுழற்றும் மோட்டார் ஒன்று, பத்து வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று. கருவிகள் என்று சொல்லத்தக்கவை இவ்வளவே. மற்றதெல்லாம் தண்ணீர்ப் பாடு.

சின்னத் தொட்டி ஏன் கடினம்? கடலில் ஒரு மீன் செத்தால் கடலுக்கு ஒன்றுமில்லை. ஆயிரம் லிட்டர்த் தொட்டியில் செத்தால் நாலைந்து நாளில் தெரியும். முப்பத்தாறு லிட்டரில் செத்தால் மறுநாள் காலையே மற்ற உயிர்களும் தவிக்கும். வெப்பமும் உப்பும் அழுக்கும் ஏறுகிற வேகம் நீரின் அளவு குறையக் குறையக் கூடுகிறது. கடல்வாழ் உயிர்களோ மாறாத நீரிலேயே பல கோடி ஆண்டுகள் வாழ்ந்து பழகியவை. குளத்து மீனுக்கு உள்ள பொறுமை பாறை மீனுக்கு இல்லை. ஆகவே இத்தகைய தொட்டியை வளர்ப்பது என்பது, உண்மையில், நீரை மாறவிடாமல் காவல் காப்பதுதான்.

முதலில் உப்பைச் சொல்லிவிடுகிறேன். அது நான் பிறந்து வளர்ந்த சங்கதி.

என் தந்தையாரும் தாயாரும் வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறியவன் நானே முதல்வன். பள்ளி விடுமுறை நாட்களில் அளத்துக்குப் போனால், பெரியவர்கள் பாத்தித் தண்ணீரில் கண்ணாடி மானி ஒன்றை மிதக்கவிட்டு "எத்தனை டிகிரி?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். அது போமே என்ற பிரெஞ்சு வேதியியலாரின் பெயரால் வழங்கும் அளவு என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். கடல்நீர் அந்த மானியில் ஏறத்தாழ மூன்றரை டிகிரி காட்டும். வெயிலில் காயக் காய எண் ஏறும். இருபத்தைந்தை எட்டும்போது பாத்தியில் உப்புப் பூக்கும். முப்பதை நெருங்கும்போது மிஞ்சிய கசப்பு நீரை வடித்து வெளியேற்றிவிடுவார்கள்.

இதே மூன்றரை டிகிரியைத்தான் மீன் தொட்டிக்காரர்கள் ஒப்படர்த்தி 1.025 என்கிறார்கள், நம் பாட நூல்கள் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்கின்றன. பெயர் மூன்று, பொருள் ஒன்று.

தொட்டியில் நீர் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. எங்கள் தொட்டியின் 36 லிட்டரில் 1,260 கிராம் உப்பு இருக்கிறது. கோடையில் விசிறி வைத்தால் நாளொன்றுக்கு அரை லிட்டர் போகும். கண்ணாடியில் பார்த்தால் நான்கு மில்லிமீட்டர்கூட இறங்கியிருக்காது. ஆனால் நான்கு நாள் விட்டுவிட்டால் அதே 1,260 கிராம் 34 லிட்டரில் நிற்கும். அதாவது லிட்டருக்கு 37 கிராம். எட்டு நாள் விட்டால் 39 கிராமுக்கு மேல். கவனியாமல் விட்ட கடல்நீர்த் தொட்டி ஒவ்வொன்றும் உப்பளமாகிக் கொண்டிருக்கும் பாத்திதான்.

இதை ஒருநாள் வீட்டில் சொன்னபோது என் தந்தையார் சிரித்துவிட்டார். "டிகிரி ஏறணும்னு நாங்க வெயில்ல காத்துக் கெடக்கோம். நீ ஏறக்கூடாதுன்னு காலேசுல காவல் காக்கிறியாக்கும்!" என்றார். பிறகு அவரே, "குறைஞ்சதுக்கு நல்ல தண்ணியத்தான ஊத்துற?" என்று கேட்டார். ஆய்வுக்கூடத்துக்கு வரும் பலருக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்த செய்தி அவருக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. ஆவியாகிக் குறைந்த அளவுக்கு நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும்; கடல்நீரை ஊற்றினால் உப்பு மேலும் ஏறும். தொட்டியின் பக்கவாட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்திருக்கிறோம். நீர்மட்டம் எப்போதும் அக்கோட்டில் நிற்க வேண்டும். கோடை விடுமுறை முழுவதும் ஆய்வக உதவியாளர் அண்ணன்தான் அதைப் பார்த்துக்கொண்டார். "கோடு தெரிஞ்சா ஒரு டம்ளர் ஊத்தணும், அவ்வளவுதானே தம்பி?" என்றார். அவ்வளவேதான்.

ஊற்றும் நன்னீரும் நல்ல நீராக இருக்க வேண்டும். நம் மாவட்டத்து ஆழ்குழாய்க் கிணறுகளின் நீர் நாவுக்கே கரிக்கிறது. நாள்தோறும் அதை ஊற்றினால் அதிலுள்ள உப்புகளும் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே ஆர்.ஓ. சுத்திகரிப்பு நீரையே ஊற்றுகிறோம். மாதத்துக்கு ஒரு குடம் செலவாகிறது. குடிநீருக்காகத் தெருவில் குடங்கள் வரிசை நிற்கும் ஊரில் வளர்ந்தவன் நான். அந்த ஒரு குடத்தை எண்ணாமல் ஊற்ற எனக்குக் கை வருவதில்லை. ஆயிரம் லிட்டர்த் தொட்டி வைக்கலாமே என்று யோசனை சொல்லும் நண்பர்களுக்கு இதுவும் ஒரு விடை.

அடுத்து, கடல்நீர் எங்கிருந்து கிடைக்கும்? உப்பு வாங்கி நீரில் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாதா என்று வேதியியல் பிரிவு நண்பர் ஒருவர் கேட்டார். ஆகாது. ஏன் ஆகாது என்பதற்கும் உப்பளத்திலேயே விடை இருக்கிறது.

1872 முதல் 1876 வரை 'சேலஞ்சர்' என்ற ஆங்கிலேயக் கப்பல் உலகக் கடல்களைச் சுற்றிவந்தது. அது கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை டிட்மார் என்ற வேதியியலார் பகுத்தாராய்ந்து 1884இல் முடிவுகளை வெளியிட்டார். கடலுக்குக் கடல் உப்பின் மொத்த அளவு கூடலாம், குறையலாம். ஆனால் அதிலுள்ள முக்கியமான பொருள்களின் விகிதம் ஏறத்தாழ மாறுவதில்லை என்பது அவர் உறுதிப்படுத்திய உண்மை. ஒரு லிட்டர் கடல்நீரின் 35 கிராமில் குளோரைடும் சோடியமும் சேர்ந்து முப்பது கிராம். மீதியில் சல்பேட் 2.7 கிராம், மக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம், பொட்டாசியம் 0.4 கிராம், பிறகு பைகார்பனேட் முதலிய சிறுபொருள்கள்.

அளத்தில் கடல்நீர் காயும்போது இவை ஒன்றாகப் படிவதில்லை. முதலில் கால்சியம் கார்பனேட் பிரிகிறது. அடுத்துப் பதின்மூன்று டிகிரிக்கு மேல் ஜிப்சம் படிகிறது. இவ்விரண்டிலும் கால்சியத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. அதன் பிறகே உப்பு விளைகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் கசப்பு நீரோடு வெளியேறிவிடுகின்றன. நல்ல உப்பு என்றால் இவையெல்லாம் நீங்கிய உப்பு என்றே பொருள். அதை 35 கிராம் எடுத்து ஒரு லிட்டர் நன்னீரில் கரைத்தால் மானி சரியாக மூன்றரை டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். ஆனால் நத்தைக்கு ஓடு கட்டவும் பவளத்துக்குக் கூடு கட்டவும் வேண்டிய கால்சியம் அந்த நீரில் இல்லை. மானி எடையைத்தான் சொல்லும். எதனுடைய எடை என்று சொல்லாது. கடலிலிருந்து தொலைவில் இருப்பவர்கள் இந்தப் பொருள்களையெல்லாம் உரிய விகிதத்தில் கலந்து விற்கும் செயற்கைக் கடலுப்பை வாங்குகிறார்கள். நமக்குக் கடல் பக்கத்தில் இருப்பதால் இருபது லிட்டர் கேன்களில் நீரையே கொண்டுவருகிறோம். மழை பெய்த மறுவாரமும், ஓடை கலக்கும் இடத்திலும் எடுப்பதில்லை. படகில் செல்லும் உறவினர் ஒருவர் கரை கலங்கல் தாண்டி மொண்டு தருகிறார். துணியில் வடிகட்டி, இருட்டறையில் இரண்டு வாரம் மூடிவைத்த பிறகே பயன்படுத்துகிறோம்.

நீர் ஊற்றியாயிற்று, உடனே மீனை விடலாமா என்றால், கூடாது. தொடங்குகிறவர்களில் பலர் இடறும் இடம் இது. மீன் வெளிவிடும் கழிவும், தின்னாமல் மிஞ்சிய இரையும் அம்மோனியாவாக மாறுகின்றன. கடல்நீர் காரத்தன்மை உள்ளது, அதன் பி.எச். அளவு 8.2. அம்மோனியா இரு வடிவங்களில் நீரில் இருக்கும். அவற்றுள் நஞ்சான வடிவத்தின் பங்கு, நடுநிலையான நன்னீரில் இருப்பதைவிடக் கடல்நீரில் பத்து மடங்குக்குமேல் கூடுதல். இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் ஓட்டுத் துண்டுகளிலும் குடியேறிப் பெருக வேண்டும். அதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை தொட்டியில் மீன் இராது. அழுகுவதற்கென்று போட்ட ஓர் இறால் துண்டு மட்டும் இருக்கும். எங்கள் தொட்டியை அந்நாட்களில் கண்டவர்கள் "வெறுந் தண்ணீருக்கு விளக்கு வைத்திருக்கிறார்கள்" என்று கேலி பேசியது உண்டு.

துளிச் சோதனைப் பெட்டியை வைத்து இரண்டு நாளைக்கு ஒருமுறை அளந்து குறித்துவந்தோம். முதலில் அம்மோனியா ஏறியது, பிறகு இறங்கியது. அது இறங்கும்போது நைட்ரைட் ஏறியது. முப்பத்தெட்டாம் நாள் இரண்டும் பூச்சியம் காட்டின. நைட்ரேட் மட்டும் நின்றது. பாடத்தில் வட்டமும் அம்புக்குறியுமாகப் படித்த நைட்ரஜன் சுழற்சி, வரைபடத் தாளில் இரு மலைகளாக எழுந்து தாழ்ந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இந்த நுண்ணுயிர்களைப் பற்றி ஒரு செய்தி. அம்மோனியாவை மாற்றுவன பாக்டீரியாக்களே என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2005ஆம் ஆண்டில், பாக்டீரியாவே அல்லாத, ஆர்க்கியா என்ற வேறொரு பிரிவைச் சேர்ந்த நுண்ணுயிர் ஒன்று இவ்வேலையைச் செய்வது கண்டறியப்பட்டது. நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அதன் உறவினங்கள் கடல்களெங்கும் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் அது முதலில் பிரித்தெடுக்கப்பட்ட இடம் நடுக்கடல் அன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரக் காட்சியகத்தில் இருந்த ஒரு கடல்நீர்த் தொட்டி! மீன் தொட்டியை விளையாட்டுப் பொருள் என்று நினைப்பவர்கள் இதை அறிய வேண்டும்.

நைட்ரேட் அவ்வளவு நஞ்சில்லை. ஆனால் அது போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். அதற்காக வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டுப் புதிய கடல்நீர் ஊற்றுவது வழக்கம். இதனால் நைட்ரேட் தீர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஐந்து பங்கு ஏறுகிறது, வாரக் கடைசியில் பத்தில் ஒன்றை எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அளவு ஐம்பதை எட்டும்போதுதான் எடுப்பதும் ஏறுவதும் சமமாகின்றன. அதாவது வாரத்தில் ஏறுவதைப் போலப் பத்து மடங்கு உயரத்தில் போய் அது நிலைபெறும். இருமடங்கு நீர் மாற்றினால் இருபத்தைந்தில் நிற்கும். இரையைப் பாதியாகக் குறைத்தாலும் அதே இருபத்தைந்துதான். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. இரையைக் குறைப்பதே என் கட்சி. மீன் எப்போதும் பசித்தது போலவே கண்ணாடிக்கு வரும்; அதை நம்பக் கூடாது.

இன்னொரு வழி பாசி. நம் கடற்கரைப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் கஞ்சிப்பாசியில் ஒரு கைப்பிடியைத் தொட்டியின் மூலையில் ஒரு கல்லில் கட்டி வைத்திருக்கிறோம். அது நைட்ரேட்டை உண்டு வளர்கிறது. வளர்ந்ததைக் கத்தரித்து வெளியே எறியும்போது அழுக்கையே கத்தரித்து எறிகிறோம்.

வெப்பத்துக்கு வருவோம். மேலை நாட்டு நூல்கள் தொட்டியைச் சூடேற்றும் கருவிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் கவலை நேர்மாறானது. இருபத்தைந்திலிருந்து இருபத்தெட்டு டிகிரி வரை நல்லது. ஏப்ரல் மாதப் பிற்பகலில் நம் ஆய்வுக்கூடத்துத் தொட்டி நீர் 32ஐத் தொட்டது. குளிரூட்டும் எந்திரம் வாங்க நம்மால் ஆகாது. மண்பானை எப்படிக் குளிர்கிறதோ அப்படித்தான் இதையும் குளிர்விக்க வேண்டும். நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறு விசிறியைச் சாய்த்து வைத்தோம். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. அரை லிட்டர் ஆவியானால் 2,90,000 கலோரி. இது 36 லிட்டர் நீரை எட்டு டிகிரி குளிரச் செய்யப் போதுமானது. ஆனால் அறை மீண்டும் மீண்டும் வெப்பத்தைத் தந்துகொண்டே இருப்பதால் நமக்கு மிஞ்சியது மூன்று டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. அதுவே போதுமானதாக இருந்தது. விசிறி வைத்தால் வெப்பம் இறங்கும், உப்பு ஏறும். விசிறியை எடுத்தால் உப்பு நிற்கும், வெப்பம் ஏறும். சிவப்புக் கோட்டுக்கு அவ்வளவு மரியாதை ஏன் என்பது இப்போது விளங்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருப்பதால் விசிறிக்குப் பலன் குறைவு. அப்போது அதற்குத் தேவையும் குறைவு.

மின்வெட்டு இன்னொரு தொல்லை. முப்பது டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் தாங்குவது ஏறத்தாழ 6.2 மில்லிகிராம்தான். ஆகையால் மோட்டார் நின்றால் இங்கே மூச்சுமுட்டல் விரைவில் வரும். மின்சாரம் வரும்வரை கால்மணிக்கு ஒருமுறை குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுகிறோம். தேநீர்க் கடையில் ஆற்றுவார்களே, அதேபோல. இது புதிய முறையும் அன்று. 1846ஆம் ஆண்டில் அன்னா தின் என்ற ஆங்கிலப் பெண்மணி டார்க்கீ கடற்கரையிலிருந்து சில கல்பவளங்களை ஒரு சாடியில் லண்டனுக்குக் கொண்டுவந்தார். நாள்தோறும் திறந்த சன்னலருகே நீரை மாற்றி மாற்றி ஊற்றச் செய்து, காற்றைக் கலந்து அவற்றை உயிரோடு காத்தார். அடுத்த ஆண்டில் கடற்பாசிகளையும் சேர்த்து வைத்தார். கடல்நீரை மாற்றாமல் உயிர்களை நெடுநாள் காத்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. அதுவும் மீனுக்காக அன்று, பவளத்துக்காக!

இங்கேதான் இரண்டாவது கேள்விக்கு வந்து சேர்கிறோம். பவளம் எங்கே?

1853இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் ஃபிலிப் கோஸ் என்ற இயற்கையியலார் இத்தொட்டிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நூல் பெரும்புகழ் பெற்றது. வீட்டுக்கு வீடு கடல் தொட்டி வைக்கும் மோகம் பிறந்தது. பாறை இடுக்குகளில் இருந்த உயிர்களைக் கூட்டம் கூட்டமாக வந்து வாரிப் போனார்கள். அவருடைய மகன் எட்மண்ட் கோஸ் 1907இல் வெளியிட்ட தன் வரலாற்று நூலில், தந்தையும் தானும் கண்ட அந்தக் கரையின் அழகு இந்தச் சேகரிப்பாளர்களால் அழிந்தது என்றும், தன் தந்தையே அதற்கு அறியாமல் வழி செய்தவர் ஆனார் என்றும் வருந்தி எழுதியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு நம் கடல்தான் நினைவுக்கு வந்தது.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே சங்கிலிபோலக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பாறைகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. அதற்கு முன்னும், அதன் பின் சில காலமும், பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் எடுத்துச் சென்றது நம் பெரியவர்கள் அறிந்த கதை. தீவுகளுள் இரண்டு இன்று நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. 2001இல் கல்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இருக்கும் அட்டவணை அது. கடல்விசிறி, கரும்பவளம், கடற்குதிரை, கடலட்டை ஆகியவையும் அவ்வாண்டில் சட்டத்தின் காப்புக்குள் வந்தன. பவளத்தை உடைத்து எடுப்பது மட்டுமன்று, வைத்திருப்பதும் குற்றம். கரையில் ஒதுங்கிய வெள்ளைத் துண்டை அழகுக்காக எடுத்துவந்து தொட்டியில் வைக்கலாமே என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஜெர்மனி, அமெரிக்கா முதலிய நாடுகளில் தொட்டியில் வளர்ந்த பவளத்திலிருந்தே விரல் நீளத் துண்டு ஒடித்து, கல்லில் ஒட்டி, புதுப் பவளம் வளர்த்துக் கைமாற்றிக் கொள்கிறார்கள். ஒடித்த துண்டு ஒட்டிய இடத்தில் வளரும் இந்த இயல்பை நம் கடலிலேயே பாறையைப் புதுப்பிக்கவும் பயன்படுத்துகிறார்கள். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் அழிந்த பாறைப் பகுதிகளில் பவளத் துண்டுகளை நட்டு வருகிறார்கள். அது உரிமம் பெற்ற அறிவியலாளர் பணி. நம் ஆய்வுக்கூட மேசைக்குரியது அன்று.

பவளம் நம் தொட்டியில் இருந்தால்தான் என்ன ஆகும் என்றும் எண்ணிப் பார்க்கலாம். பவள உயிரின் திசுவுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையால் செய்யும் உணவில் பெரும்பங்கைப் பவளம் பெறுகிறது. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்துக்கு மேல் ஒரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் அந்தப் பாசிகளை இழந்து வெளுத்துவிடுகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் அது நேர்ந்தது. 2024 ஏப்ரலில் உலகெங்கும் நான்காவது பெரும் வெளுப்பு நடப்பதாக அறிவித்தார்கள். கடலிலேயே நிலைமை இப்படி என்றால், ஏப்ரல் பிற்பகலில் 32 டிகிரி காட்டும் 36 லிட்டரில் அதை வைத்துக் காப்போம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஆகவே எங்கள் தொட்டி, பாறையிலிருந்து எதையும் எடுக்காத பாறைத் தொட்டி. பாறைக்குப் பதில் இடித்த வீட்டின் நாட்டு ஓட்டுத் துண்டுகள். சுட்ட மண் நுண்துளைகள் நிறைந்தது என்பதால் நுண்ணுயிர்கள் குடியேற ஏற்றது. இரண்டு வாரம் ஊறவைத்து நீர் மாற்றி அடுக்கினோம். துறவி நண்டு இரண்டும், பாசி மேயும் நத்தை நான்கும் கரைவலைக் கழிவில் மணலில் வீசப்பட்டவை. பாதுகாக்கப்பட்ட இனம் எதுவும் இல்லை என்று எங்கள் பேராசிரியர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தொட்டிக்குள் விட்டோம். கோமாளி மீன் இரண்டும் கடலில் பிடித்தவை அல்ல, பொரிப்பகத்தில் பிறந்தவை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் கடல் அலங்கார மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறைகளை வகுத்திருக்கிறார்கள். கோமாளி மீன்கள் அனைத்தும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாகிறது. அது இறந்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாகிறது. நம் தொட்டியில் இரண்டில் ஒன்று பெருத்து மற்றதை அதட்டத் தொடங்கிவிட்டது. தலைமை முடிவாகிவிட்டது என்று நினைக்கிறோம்.

சென்ற ஜூலை மாதம், ஓட்டுத் துண்டு ஒன்றின் நிழற்பக்கத்தில் இளஞ்சிவப்பாக ஒரு தேமல் போலக் கண்டது. உருப்பெருக்கியில் பார்த்தோம், சுண்ணாம்பு படியும் சிவப்புப் பாசி. நத்தை ஓட்டிலோ கஞ்சிப்பாசியிலோ ஒட்டி வந்திருக்க வேண்டும். கடலில் பவளத்தின் இளம் உயிரிகள் பல, வந்து அமர்வதற்குத் தேடுவது இத்தகைய பாசி படர்ந்த பரப்பைத்தான். அதன் பக்கத்திலேயே கடுகளவான வெள்ளைச் சுருள்கள் சில இருந்தன. அவை சுருள் குழாய்ப் புழுக்கள். நீரிலுள்ள கால்சியத்தை எடுத்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்பவை. சனிக்கிழமைதோறும் அவற்றை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதிவருகிறோம். ஜூலையில் ஆறு. இக்கட்டுரை எழுதும் இவ்வாரம் நாற்பத்தொன்று. எண்ணிப் பார்க்க விரும்புகிறவர்கள் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் வரலாம். வெளிச்சம் அப்போதுதான் சரியாக விழும். கண்ணாடியைத் தட்ட வேண்டாம்.